போத்துக்கு என்ன வயது?

போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அண்ணன் மகள் போன் செய்தாள். தாவரவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் பரீட்சைப் பயம், இல்லையென்றால் காய்ச்சல். அப்படி ஏதோ என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"அத்தை, ஒரு செடியிலிருந்து போத்து வெட்டி நட்டால் அந்தப் போத்துக்கு என்ன வயசு? நட்ட நாளிலிருந்து எண்ணணுமா, தாய்ச்செடி முளைச்ச நாளிலிருந்து எண்ணணுமா?"

போத்து என்றால் வேர் விடவைத்து நடுவதற்காக வெட்டி எடுக்கும் கிளைத் துண்டு. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 27 வருடம் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். எத்தனையோ மாணவர்கள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. ஆனால் நான் இந்தக் கேள்வியோடு பல வருடமாக மாடியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். அவளுக்குக் கருத்தரங்கில் கொடுத்த தலைப்பு, கஞ்சாச் செடி பூக்கும் காலம். விதையில் வந்த செடி முந்திப் பூக்குமா, போத்தில் வந்த செடி முந்திப் பூக்குமா, ஏன் என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். "போத்துதான் சார், அது ஏற்கெனவே வயசான செடி" என்று சொல்லியிருக்கிறாள். "அப்படியானால் போத்துக்கு என்ன வயது?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் பதில் வரவில்லை. நல்ல பேராசிரியர்.

அன்று ராத்திரி போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சாச் செடியை நான் வளர்த்ததில்லை, வளர்க்கும் முறையைச் சொல்லப்போவதும் இல்லை. எனக்கு அந்தச் செடி பழக்கமானது ஒரு பழுப்புத் தாளில்தான். கல்லூரி உலர்தாவரத் தொகுப்பில் ஒரு பழைய தாள் இருந்தது. ஒரு முழுச் செடியை இரண்டாக மடித்து ஒட்டியிருந்தார்கள். வருடா வருடம் பூச்சி அரிக்காமல் மருந்து போடும்போது அதைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்ப்பேன். அடியில் இருக்கும் கணுக்களில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். முதல் ஜோடி இலையில் ஒரே ஒரு சிற்றிலை. அடுத்ததில் மூன்று, அப்புறம் ஐந்து, ஏழு என்று விரல்கள் கூடிக்கொண்டே போகும். மேலே போகப் போக ஒரு மாற்றம் வரும். எதிரெதிரே நின்ற இலைகள் பிரிந்து, ஒரு கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி ஏறும். அந்த மாற்றம் நடந்த கணுவை விரலால் தொட்டுக் காட்டலாம். செடி சிறுபிள்ளைப் பருவத்தைத் தாண்டிய இடம் அது. அதற்கு மேலேதான் இலைக்காம்பின் இடுக்கில் பூவின் தடம் தெரியும்.

இப்போது போத்துக்கு வருவோம். அந்த மாறி மாறி ஏறும் பகுதியிலிருந்து ஒரு கிளையை வெட்டி வேர் விடவைத்தால், புதிதாக வரும் தளிர் மறுபடியும் ஒற்றைச் சிற்றிலை, எதிரெதிர் ஜோடி என்று முதலிலிருந்து ஆரம்பிக்காது. மாறி மாறியே இலை விடும். வேர்தான் புதிது. கொழுந்து பழையது. தான் எத்தனை கணு ஏறி வந்தோம் என்பதை அந்தக் கொழுந்து மறக்கவில்லை.

அவளிடம் இதைச் சொன்னதும், "அப்போ என் பதில் சரிதானே அத்தை?" என்றாள். பாதி சரி. மீதிப் பாதிக்கு என் எலுமிச்சையைக் காட்ட வேண்டும்.

2017 மழைக்காலத்தில் என் தோழி வீட்டு எலுமிச்சை மரத்தில் ஒரு விண்பதியன் போட்டேன். பென்சில் தடிமனுள்ள கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசியை வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டி வைப்பதுதான். வேர் வந்த பிறகு அறுத்தெடுத்துப் பெரிய தொட்டியில் வைத்தேன். அதே வாரம் அதே மரத்துப் பழத்தின் விதைகளில் நாலைந்தைப் பக்கத்துத் தொட்டியில் போட்டேன். அப்போது பெரிய யோசனை எதுவும் இல்லை. விதை கையில் இருந்தது, தொட்டி காலியாக இருந்தது.

பதியன் செடி 2019-ல் பூத்துவிட்டது. முழங்கால் உயரம்கூட இல்லை. தொட்டியைத் தாண்டாத செடி நுனியெல்லாம் வெள்ளை மொட்டு வைத்து நின்றது. விதைச் செடி இன்று என் தலைக்கு மேல் நிற்கிறது. ஒவ்வொரு கணுவிலும் கட்டைவிரல் நீளத்துக்கு முள். பக்கத்தில் போனால் சேலையைப் பிடித்து இழுக்கும். எட்டு வருடத்தில் ஒரு மொட்டு இல்லை. ஒரே மாடி, ஒரே வெயில், ஒரே தண்ணீர்.

விதைக்கன்று தாமதமாகத்தான் பூக்கும், ஒட்டும் பதியனும் சீக்கிரம் பூக்கும் என்பது தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். விதைக்கன்று என்பது வேறொரு புது உயிர், அப்பா யாரோ, அதனால் குணம் மாறிவிட்டது என்று விட்டுவிடலாம். எலுமிச்சை அப்படி விடவில்லை. விதைகள் முளைத்தபோது ஒரு விதையிலிருந்து மூன்று முளைகள் கிளம்பின. விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தேன். பிளந்த ஒரே விதைத் தோலுக்குள்ளிருந்து மூன்று வெள்ளைத் தண்டுகள், ஒன்று பருமன், ஒன்று நடுத்தரம், ஒன்று நூல் மாதிரி. எலுமிச்சை, ஆரஞ்சு, சில மா ரகங்கள் எல்லாம் இப்படித்தான். ஒரு விதைக்குள் பல கருக்கள் இருக்கும். மகரந்தம் சேர்ந்து உண்டான கரு ஒன்று. மற்றவை விதைக்குள் அந்தக் கருவைச் சூழ்ந்திருக்கும் தாயின் சொந்தத் திசுவிலிருந்து கிளம்புகிறவை. அவற்றில் அப்பாவின் பங்கு கிடையாது. தாயின் அச்சு அசல் நகல். பொதுவாக அவைதான் வலுவாக வளர்ந்து மற்றதை நெருக்கித் தள்ளும். நான் விட்டுவைத்த பருமனான செடி பெரும்பாலும் அப்படிப்பட்ட நகலாகத்தான் இருக்க வேண்டும்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். என் மாடியில் இருக்கும் இரண்டு செடிகளும் அநேகமாக ஒரே மரத்தின் நகல்கள். மரபணு இரண்டிலும் ஒன்றே. ஒன்று கிளை வழியாக வந்தது, இன்னொன்று விதை வழியாக வந்தது. கிளை வழியாக வந்தது பெரிய மனுஷியாகவே வந்து இறங்கியது. விதை வழியாக வந்தது முள்ளும் முரடுமாகக் குழந்தைப் பருவத்தை முதலிலிருந்து தொடங்கியது. அப்படியானால் செடியின் வயது அதன் மரபணுவில் எழுதப்பட்ட எழுத்தில் இல்லை. அந்த எழுத்தில் எந்த வரி இப்போது வாசிக்கப்படுகிறது, எந்த வரி மூடிக்கிடக்கிறது என்பதில் இருக்கிறது. விதைக்குள் கரு உருவாகும்போது அந்தக் கணக்கு அழிந்து பூஜ்யத்துக்குப் போகிறது. போத்து வெட்டும்போது அழிவதில்லை. நகல் எடுத்தால் வயதும் கூட வரும் என்பது இல்லை. எந்த வழியில் நகல் எடுத்தோம் என்பதுதான் கேள்வி. நான் இவ்வளவு வருடம் அந்த முள்செடியை வெட்டிப் போடாமல் வைத்திருக்கும் காரணம் இதுதான்.

அந்தக் கணக்குப் புத்தகம் என்ன என்பதும் இந்த இருபது வருடத்தில் ஓரளவு தெரிந்துவிட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ 156 என்று ஒரு சின்னஞ்சிறு மூலக்கூறு. இளஞ்செடியில் இது நிறைய இருக்கும். பருவத்துக்குக் கொண்டுபோகும் சில மரபணுக்களை இது அடக்கி வைக்கும். செடி இலை விட விட, இதன் அளவு குறையும். அடக்குமுறை தளர்ந்ததும் இலையின் உருவம் மாறும், செடி பூக்கத் தகுதி பெறும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் போதிக் குழு இதில் முக்கியமான வேலை செய்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி, இலையில் சேரும் சர்க்கரைதான் இந்த மூலக்கூறைக் குறைக்கும் கைகளில் ஒன்று என்பது. செடி நாள்காட்டியைப் பார்த்து வயதை எண்ணவில்லை. எவ்வளவு சமைத்தோம் என்று பார்த்து எண்ணுகிறது. நன்றாக வளர்ந்த விதைக்கன்று சீக்கிரம் பருவத்துக்கு வருவதும், தொட்டியில் குறுகிக் கிடப்பது வருடக்கணக்கில் இழுப்பதும் இதோடு பொருந்திப் போகிறது. என் முள்செடிக்கு இன்னும் பெரிய தொட்டி கொடுத்திருக்கலாம்.

இதிலிருந்து இன்னொன்றும் வரும். ஒரே மரத்திலேயே வயது ஒன்றாக இருக்காது. விதையிலிருந்து வளர்ந்த மரத்தில் அடிப்பகுதிதான் முதலில் உண்டானது, நம் கணக்கில் அதுதான் பழசு. ஆனால் அங்கே உறங்கும் மொட்டுகள் மரம் குழந்தையாக இருந்தபோது உண்டானவை, அந்தக் குழந்தைத்தனத்தோடே உறங்குகின்றன. நுனியில் நேற்று விட்ட கொழுந்து எத்தனையோ கணு ஏறி வந்தது. ஆக, மரத்துக்கு அடிதான் இளமை, நுனிதான் முதுமை. மரத்தின் அடியிலிருந்து கிளம்பும் தளிரை வெட்டினால் எளிதில் வேர் பிடிக்கும், பூக்க நாளாகும். உச்சியில் வெட்டினால் வேர் பிடிக்க அடம் பிடிக்கும், பிடித்துவிட்டால் சீக்கிரம் பூக்கும். ஐவி என்ற கொடியில் இது கண்ணுக்கே தெரியும். இளமையில் மடல் மடலான இலையோடு சுவரைப் பிடித்து ஏறும். உச்சிக்குப் போன பிறகு மடலில்லாத இலையோடு நிமிர்ந்து நின்று பூக்கும். அந்த நிமிர்ந்த கிளையை வெட்டி நட்டால் அது கொடியாக ஏறாது, புதராகவே நிற்கும். மிளகுக் கொடியில் காய் பிடிக்கும் பக்கக் கிளையைப் போத்தாக வைத்தால் புதர் மிளகு கிடைப்பதும் இதன் உறவுக்காரச் சங்கதிதான். அங்கே கொழுந்து ஞாபகம் வைத்திருப்பது வயதை என்பதைவிட, கொடியில் தான் இருந்த இடத்தை.

புகையிலையில் செய்த சோதனைகளை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கும். பகல் நீளத்தைப் பார்க்காமல், இத்தனை கணு ஏறியதும் பூப்பேன் என்று பூக்கும் புகையிலை ரகங்கள் உண்டு. அந்தச் செடியின் அடிக்கணு மொட்டை எடுத்து வேர் விடவைத்தால், விதையிலிருந்து வந்த செடி போல முழுக் கணக்கையும் ஏறித்தான் பூக்கும். பூக்கும் முடிவு எட்டிவிட்ட உச்சிக்கணு மொட்டை எடுத்து வைத்தால், தாய்ச்செடியிலேயே இருந்திருந்தால் எத்தனை கணு விட்டுப் பூத்திருக்குமோ அத்தனை கணு மட்டும் விட்டுக் குட்டையாகவே பூத்துவிடும். பிரித்து வைத்தாலும் தான் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளாத மொட்டு.

சரி, கஞ்சாவுக்கு வருகிறேன். அண்ணன் மகளின் பதிலில் எங்கே பாதி தப்பு?

எலுமிச்சைக்கு இளமைப் பருவம் வருடக் கணக்கு. கஞ்சா ஒரு பருவத்துச் செடி. அதன் இளமை சில வாரங்களில் முடிந்துவிடும். அதனால் வயதைச் சுமந்து வரும் போத்துக்கு இங்கே கிடைக்கும் முன்தொடக்கம் வருடங்கள் அல்ல, அந்தச் சில வாரங்கள்தான். அதன் பிறகு செடி காத்திருப்பது வயதுக்காக அல்ல, இரவுக்காக.

இதைக் கண்டுபிடித்த கதையே இந்தச் செடியில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்ற இளைஞர் கஞ்சாவின் நார் ரகத்தையும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஹாப் கொடியையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். (தமிழில் அந்த நார் ரகத்தையும் சிலர் சணல் என்று எழுதிவிடுகிறார்கள். நாம் சணல் என்று சொல்வது முற்றிலும் வேறு செடிகளை. மாணவர்கள் இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.) குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் விதைத்த செடிகள் மிகச் சின்ன வயதிலேயே பூத்துவிடுவதை அவர் கவனித்தார். முளைத்த நாளிலிருந்தே தினமும் கொஞ்ச நேரம் மட்டும் வெளிச்சம் காட்டி வளர்த்துப் பார்த்தார். ஒரு சில இலை விட்ட பொடிச் செடிகள் பூத்தன. பகல் குறைந்ததைவிட இரவு நீண்டதுதான் காரணம் என்ற இடம் வரைக்கும் அவர் வந்துவிட்டார். 1912-லும் 1914-லும் எழுதினார். முதல் உலகப் போரில் இறந்துபோனார். இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனது கனக்கிறது.

பெயர் வேறு இருவருக்குப் போனது. அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும், கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும் மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலையை 1918-ல் தினமும் மாலையில் இருட்டறைக்குள் தள்ளி வைத்துப் பூக்கவைத்தார்கள். 1920-ல் வெளியிட்டார்கள். 1938-ல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியை வைத்து, செடி அளப்பது பகலை அல்ல, இரவை என்று காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவில் சில நிமிடம் விளக்குப் போட்டால் போதும், அந்த இரவு கணக்கில் வராது.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது தெரிந்துகொண்டேன், மாடியில்தான் புரிந்துகொண்டேன். ஒரு வருடம் சாமந்தி 12 தொட்டி வைத்தேன். எல்லாம் ஒரே தாய்ச்செடியின் போத்து, ஒரே நாளில் நட்டவை. ஆறு தொட்டி மதில் ஓரம், ஆறு தொட்டி மாடிப்படிக்குப் பக்கம். படிக்கு மேலே ஒரு விளக்கு. அந்த வருடம் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ராத்திரியில் ஏறி இறங்க வேண்டியிருந்தது, விளக்கு விடிய விடிய எரிந்தது. மதிலோரச் செடிகள் மொட்டு வைத்து, மொட்டு விரிந்து, பூத்துக் குலுங்கின. படியோரச் செடிகள் நல்ல பச்சையாக, அவற்றைவிட ஒரு முழம் உயரமாக, ஒரு மொட்டுகூட இல்லாமல் நின்றன. உரம் தப்பா, வேரில் புழுவா என்று ஒரு தொட்டியைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு ராத்திரி தண்ணீர் எடுக்கப் போனபோது அந்த மஞ்சள் வெளிச்சம் இலைகளின் மேல் விழுந்து கிடப்பதைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். 12 செடியும் ஒரே வயது, ஒரே நகல். ஆறுக்கு இரவு வந்தது, ஆறுக்கு இரவே வரவில்லை.

கஞ்சாவும் சாமந்தியும் இந்த விஷயத்தில் ஒரே வகை. நீண்ட இரவு வந்தால்தான் பூங்கொத்து வைக்கும். அதனால் எவ்வளவு வயதான தாயிலிருந்து எடுத்த போத்தாக இருந்தாலும், இரவு நீளவில்லை என்றால் பூக்காமல் இலை விட்டுக்கொண்டே இருக்கும். வயது செடிக்குக் காதைத் திறந்துவிடுகிறது. கூப்பிடுவது இரவு. விதைச் செடிக்கு அந்தக் காது திறக்கச் சில வாரம் ஆகும், போத்து திறந்த காதோடு வருகிறது. அவள் பேராசிரியரிடம் சொல்ல வேண்டியிருந்தது இதுதான்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2019-ல் இஸ்ரேலில் ஒரு குழு பெண் கஞ்சாச் செடிகளைக் கணுக் கணுவாக ஆராய்ந்தது. பகல் நீளமாக இருக்கும்போதே, வளர்ந்த செடியின் இலை இடுக்கில் ஒற்றை ஒற்றையாகப் பூக்கள் உருவாகிவிடுகின்றன என்று கண்டது. அந்தத் தனிப்பூவுக்கு நீண்ட இரவு தேவையில்லை, செடியின் உள்கணக்கே போதும். நீண்ட இரவு செய்வது, தண்டின் நுனியைக் கிளை கிளையாக நெருக்கிப் பூங்கொத்தாக்குவது. அதாவது பூப்பதா வேண்டாமா என்ற முடிவில் பாதியை வயதே எடுத்துவிடுகிறது. என் பழுப்புத் தாளில் இலை மாறிய கணுவுக்கு மேலே தெரிந்த அந்தத் தடம் இதுதான் என்று அந்தக் கட்டுரையைப் படித்தபோது தெரிந்தது. அந்தத் தாளைத் திரும்ப ஒரு முறை பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

இரவையே பார்க்காத கஞ்சாவும் உண்டு. 1924-ல் ரஷ்யத் தாவரவியலாளர் ஜானிஷெவ்ஸ்கி ருடெராலிஸ் என்று பெயர் வைத்த குட்டை வகை அது. கோடை குறுகிய வட நிலங்களில் இரவு நீளும்வரை காத்திருந்தால் விதை முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். அதனால் முளைத்து இத்தனை வாரம் ஆனதும் பூத்துவிடும். இதற்கு வயதே கட்டளை. இதில் போத்து எடுத்தால் என்ன ஆகும்? தாய் பூக்கும் அதே நாட்களில் போத்தும் பூத்துவிடும், சாண் உயரம் இருந்தாலும். மேலே சொன்ன புகையிலை உச்சிமொட்டுக் கதைதான். என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்தச் செடியும் தரவில்லை.

போனில் அவள் ஒரு நல்ல எதிர்க்கேள்வி கேட்டாள். "அப்போ போத்து எடுத்துப் போத்து எடுத்துப் போனால், கடைசியில் கிழமாகிச் செத்துப்போகுமா?" ஆகாது. பருவத்துக்கு வருவது வேறு, தளர்ந்துபோவது வேறு. மாற்றிலை விடும் பருவத்துக்கு வந்த கொழுந்து அதே நிலையில் எத்தனை தலைமுறையும் போகும். ஆனால் நகல் எடுக்க எடுக்க வேறு சுமைகள் சேரும். கொழுந்துச் செல்களில் சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே வரும். விதை அவற்றைச் சலித்துவிடும், போத்து அப்படியே எடுத்துப் போகும். நோயும் போகும். ஹாப் கொடியில் கண்டறிந்த ஒரு வைராய்டு (வைரஸைவிடச் சின்ன நோய்க்கிருமி) கஞ்சாவின் தாய்ச்செடிகளில் நுழைந்து, வெட்டிய போத்துகளையெல்லாம் சோனியாக்கியிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாத தாய்ச்செடி, ஆனால் பிள்ளைகள் எல்லாம் நலிந்தவை. வயது என்று பழி போட்டது பல இடங்களில் வயதே இல்லை, இந்த வைராய்டுதான்.

தாய்ச்செடியின் வயது போத்தில் உண்மையாகவே தலைகாட்டும் இடமும் ஒன்று எனக்குத் தெரியும், அதே சாமந்தியில். மூன்று வருடமாக வைத்திருந்த தாய்ச்செடியிலிருந்து ஒருமுறை போத்து எடுத்தேன். இரவு இன்னும் நீளாத பருவம். விரல் உயரம் வந்ததும் நுனியில் ஒரு மொட்டு, விரியவும் மாட்டேன் உதிரவும் மாட்டேன் என்று கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. சாமந்தி பயிரிடுகிறவர்கள் தாய்ச்செடியை அடிக்கடி மாற்றுவது இதனால்தான். எத்தனையோ இலை விட்டுவிட்ட கொழுந்து, இரவைக் கேட்காமலே மொட்டு வைக்கத் துணிந்துவிடும். போத்து வெட்டியதால் அந்த இலைக் கணக்கு முழுவதும் அழியவில்லை.

கருத்தரங்குக்கு அவளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னேன். ஒரு விதைச் செடியையும் ஒரு போத்தையும் பக்கத்தில் வைத்து, இது முந்திப் பூத்தது, ஆகவே போத்து முந்தும் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, ஆண்தான் முன்னால் பூக்கும். ஒவ்வொரு விதையும் தனி ஆள். வடக்கே வளர்ந்த வம்சம் சீக்கிரம் பூக்கும், வெப்ப மண்டல வம்சம் தாமதிக்கும். விதைப் பொட்டலத்தில் பத்து விதை போட்டால் பத்து குணம். போத்து பத்தும் ஒரே ஆள். இரண்டையும் ஒப்பிட்டால் வயதை ஒப்பிடுகிறோமா, ஆளை ஒப்பிடுகிறோமா என்றே தெரியாது. எலுமிச்சை மாதிரி, நகலே விதையாக வரும் செடியில்தான் வயதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும்.

மூங்கிலைச் சொல்லாமல் இதை முடிக்க மனசு வரவில்லை. மிசோரம் மலைகளில் இருக்கும் மெலோகன்னா மூங்கில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறை காடு முழுக்கப் பூத்து மடியும். 1958-59-ல் பூத்தது, எலிகள் பெருகின, தானியம் போனது, பஞ்சம் வந்தது. மறுபடி 2006-ஐ ஒட்டிப் பூத்தது. ஜப்பானில் மதாகே என்ற மூங்கில் ஏறக்குறைய 120 வருடத்துக்கு ஒருமுறை. அதன் கிழங்கைப் பிரித்து வேறு கண்டங்களுக்குக் கொண்டுபோய் நட்டிருந்தார்கள். 1960-களில் ஜப்பானில் பூத்தபோது அங்கேயும் பூத்தது. வேறு மண், வேறு மழை, நட்ட வருடமும் வேறு. பிரித்து நட்டவர்கள் இறந்து, அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வயதாகியிருக்கும். கிழங்கு மட்டும் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. 'நட்ட நாளிலிருந்தா, முளைத்த நாளிலிருந்தா' என்ற அவளுடைய கேள்வியை மூங்கிலிடம் கேட்டால் சந்தேகமே இல்லாமல் முளைத்த நாள் என்று சொல்லும்.

அவளுடைய கருத்தரங்கு போன வெள்ளிக்கிழமை முடிந்தது. மூங்கிலையும் எலுமிச்சையையும் சொன்னாளாம். "உங்க அத்தை செடியைப் பார்க்க வரலாமான்னு சார் கேட்டார்" என்றாள். தாராளமாக வரட்டும். வரும்போது முள் ஜாக்கிரதை.

அவர் வந்தால் காட்ட ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். முள்செடியில் இரண்டு விண்பதியன் போட்டிருக்கிறேன். ஒன்று தொட்டி மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கிளம்பிய தளிரில், அதற்குப் பச்சை நூல். இன்னொன்று உச்சிக் கிளையில், அதற்குச் சிவப்பு நூல். உச்சிக் கிளையில் முள் கொஞ்சம் குட்டையாகியிருக்கிறது, ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் குறித்திருக்கிறேன். கீழே 31 மில்லிமீட்டர், மேலே 12. கட்டி 24 நாள் ஆகிறது. பச்சை நூல் பக்கம் பிளாஸ்டிக் தாளுக்குள் வெள்ளையாக இரண்டு வேர் தெரிகிறது. சிவப்புப் பக்கம் இன்னும் ஒன்றும் இல்லை. பாசி காயாமல் ஊசியால் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.